நடுவில் ஒரு யூ வேலி

கோலியர்ஸ் வுட்
10 செப்டெம்பர் 2023

சிவனேஸ்வரிக்கு,

ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு இருக்கிற தங்கச்சிக்குக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்கிறது. போன் அடித்தால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் வாயில் என்ன வந்து தொலைக்குமோ என்று எனக்கே பயம். ஆகவே எழுதி உன் கதவில் போடுகிறேன்.

வீட்டை விற்கப் போகிறேன். தாரகா உனக்குச் சொல்லியிருப்பாள். அத்தையும் மருமகளும் என்னைப் பற்றிக் கதைக்காத நாள் ஏது? மே மாதம் நான் குசினியில் வழுக்கி விழுந்ததை என் மகளுக்கு நான் சொல்லவில்லை. உன்னையும் சொல்ல வேண்டாம் என்றேன். நீ அன்றைக்கே ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற அவளுக்குப் போன் எடுத்து, "கொப்பர் விழுந்து கிடந்தவர், இனித் தனிய விடேலாது" என்று ஒப்புவித்துவிட்டாய். அன்றிலிருந்து அவள் ஒரே பிடி, தன்னோடு வந்து இருக்க வேண்டுமாம். எனக்கென்று ஒரு அறையை ஒதுக்கிப் பெயின்ட்டும் அடித்துவிட்டாள். நீ மூட்டிய நெருப்பு நன்றாகவே பற்றியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு முகவர் வந்து பார்த்தார். பின்வளவில் இரண்டு வீட்டுக்கும் நடுவே எல்லை ஒன்றும் இல்லாமல் விற்பது கஷ்டம் என்கிறார். வீடுகளை வாங்கிய வருஷம், பிள்ளைகள் ஓடி விளையாடட்டும் என்று நானும் மறைந்த உன் புருஷனும் வேலியைப் பிடுங்கி எறிந்தோமே, அதைத்தான் சொல்கிறார். அடுத்த மாதம் ஆட்களைப் பிடித்துப் பலகை வேலி போடுவிக்கப் போகிறேன். உன் சம்மதம் வேண்டுமாம். இந்தக் கடிதத்தின் அடியில் "சம்மதம்" என்று எழுதித் திருப்பிப் போட்டுவிடு. வேறொன்றும் எழுதத் தேவையில்லை.

தில்லையம்பலம்


கோலியர்ஸ் வுட்
18 செப்டெம்பர் 2023

அண்ணை,

வேறொன்றும் எழுதத் தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொன்னதைக் கேட்கிற பழக்கம் எனக்கு இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திராது.

வழுக்கி விழுந்தேன் என்று எவ்வளவு லேசாக எழுதுகிறீர்கள். நான் வந்தபோது நீங்கள் அடுப்புக்குக் கீழே கிடந்தீர்கள், மேலே கறிச்சட்டி கருகிக்கொண்டிருந்தது. "ஒருத்தருக்கும் சொல்லாதை, தாரகா பயந்துபோவாள்" என்றீர்கள். நான் பயந்ததைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. மச்சாள் கண்மூடி நீங்கள் தனியாளான பிறகு உங்களுக்கு ஒன்று நடந்தால், பக்கத்து வீட்டில் இருந்து நீ என்ன கிழித்தாய் என்று எல்லாரும் என்னைத்தானே கேட்பார்கள். அதனால்தான் சொன்னேன். கிழமைக்கு ஒருக்கால் வந்து பார் பிள்ளை என்றுதான் தாரகாவிடம் சொன்னேன். கூட்டிக்கொண்டு போ என்று சொல்லவேயில்லை. நீங்கள் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். கேட்காமல் நம் இரண்டு வீட்டுக்கும் இடையில் இருக்கிற நடுக்கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டீர்கள்.

பலகை வேலிக்குச் சம்மதம் இல்லை. காலையில் குசினி யன்னலைத் திறந்து பலகையைப் பார்த்துக்கொண்டு நான் தேத்தண்ணி குடிக்கமாட்டேன். பிரிக்கத்தான் வேண்டுமென்றால் உயிருள்ள ஒன்றால் பிரியுங்கள்.

நேற்று நம் தெருமுனைப் பியற்றிஸைக் கூட்டிக்கொண்டு மோர்டனுக்கு அப்பால் இருக்கிற நேர்சரிக்குப் போய்ச் செடிகளைப் பார்த்தேன். யூ என்று ஒரு மரம் இருக்கிறது. குளிர்காலத்திலும் இலை கொட்டாது, நல்ல கரும்பச்சை. எவ்வளவு வெட்டினாலும் திரும்பத் தளிர்க்கும். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தில் குடை மாதிரி வெட்டி வைத்திருப்பார்களே, மச்சாள் பக்கத்தில் நின்று படம் எடுத்தாவே, அதுதான். யூ வேலி என்றால் சம்மதம் என்று எழுதித் தருகிறேன். பலகை என்றால் சட்டத்தரணியை வரச் சொல்லுங்கள், கதைப்பம்.

சிவனேஸ்வரி


கோலியர்ஸ் வுட்
25 செப்டெம்பர் 2023

சிவனேஸ்வரிக்கு,

சட்டத்தரணி உன்னோடு கதைத்தால் அவர்தான் பாவம். வேண்டாம்.

யூ மரத்தைப் பற்றி நூலகத்தில் போய் வாசித்தேன். பிறகு பஸ் பிடித்து அதே நேர்சரிக்கும் போனேன். இந்த நாட்டுப் பழைய தேவாலயங்களின் சவக்காலையில் எல்லாம் நிற்கிற மரம் இது. பியற்றிஸுக்கு அது பழகியிருக்கும், உனக்கு என்ன வந்தது? சுடலையில் நிற்க வேண்டியதைக் கொண்டுவந்து வீட்டு எல்லையில் நடச் சொல்கிறாய். அதோடு இலை, பட்டை, விதை எல்லாம் நஞ்சு. போதாததற்கு ஆமை வேகத்தில் வளரும். நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது ஆள் உயரம் வரும்.

ஆனாலும் உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். சரி, யூ என்றே வைத்துக்கொள்வோம். எந்த யூ? அதை நீ எழுதவில்லை. சாதாரண ஆங்கில யூ நாலா பக்கமும் படரும், உன் பூக்கன்றுகளை விழுங்கும். ஹிக்ஸி என்று ஒன்று கொஞ்சம் கெதியாக வளரும், ஆனால் சிவப்புச் சிவப்பாகக் காய்க்கும். ஐரிஷ் யூ மட்டும் நேரே மேல்நோக்கித் தூண் போல நிற்கும். இரண்டு பக்கமும் இடம் பிடிக்காது. அடிக்கடி வெட்டவும் தேவையில்லை. ஏணி வைத்து ஏறி வெட்டுகிற வயதா உனக்கு? நான் இருந்தால் வெட்டித் தருவேன். இருக்கப் போவதில்லை.

ஆகவே ஐரிஷ். சம்மதம் என்று எழுது.

தில்லையம்பலம்


கோலியர்ஸ் வுட்
4 ஒக்டோபர் 2023

அண்ணை,

நேர்சரிக்குப் போனவர் பாதி விசாரித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஐரிஷ் யூவும் காய்க்கும். சிவந்த சதைக்குள்ளே இருக்கிற விதைதான் நஞ்சு. என் பேத்தி, சயந்தனின் மகள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால் வளவில்தான் நிற்பாள். கையில் அகப்பட்டதெல்லாம் வாயில் போகிற வயது. அவளுக்கு அது பழமாகத்தான் தெரியும்.

ஹில்லி என்று ஒரு வகை இருக்கிறது. அது ஆண் மரம், காய்க்காது. இலையைக் கடிக்காமல் நான் பார்த்துக்கொள்வேன். அடர்த்தியாக, அடக்கமாக வளரும். வருஷத்துக்கு ஒரு சாண் வளர்ந்தால் பெரிய காரியம் என்றார் அங்கே இருந்தவர். முழங்கால் உயரத்தில்தான் கன்று கிடைக்குமாம். நீங்கள் அதை ஒரு குறையாகச் சொல்வீர்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இன்னும் எத்தனையோ வருஷத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலாம். முகவருக்கு எல்லை என்று ஒரு கோடு காட்டினால் போதும்தானே.

ஆவணி மாதத்தில் ஒருக்கால் வெட்டிவிட வேண்டும். சயந்தன் வந்து வெட்டுவான். என்னை ஏணியில் ஏற்றி விழுத்த வேண்டாம். ஒரு வீட்டில் ஒருவர் விழுந்தது போதும்.

கீழே இரண்டு வரி எழுதிக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டாம். வேறு தாளில் திருப்பி எழுதப் பொறுமை இல்லை, பின்னேர வேலை ஷிப்ட்டுக்கு நேரமாகிறது.

ஹில்லிக்குச் சம்மதம்.

சிவனேஸ்வரி


கோலியர்ஸ் வுட்
26 நவம்பர் 2023

சிவனேஸ்வரிக்கு,

நேற்று ஹில்லி நட்டாயிற்று. நீயும் பார்த்தாய். குசினி யன்னலில் நின்றதை நானும் பார்த்தேன். அடித்த வரிகளை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். நான் பார்க்க வேண்டும் என்று நீ நினைத்திருந்தால் வேண்டாம் என்று எழுதியிருக்கமாட்டாய்.

நட வந்தவர்கள் குளிரில் நின்று வேலை செய்தார்கள். இந்த வளவில் யார் வேலை செய்தாலும் தேத்தண்ணி உன் பக்கத்திலிருந்துதான் வரும். நேற்று வரவில்லை. நானே போட்டுக் கொடுத்தேன். சாயம் கூடிக் கசந்துவிட்டது, குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்று பொய் சொன்னார்கள்.

ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்வோம். வீடு கைமாறும்வரை வேலி என் பொறுப்பு. நீ தண்ணீர் வார்க்கவோ, பசளை போடவோ வர வேண்டாம். நானும் அதைத் தாண்டி உன் பக்கம் வரமாட்டேன். அதற்குத்தானே வேலி.

தில்லையம்பலம்


கோலியர்ஸ் வுட்
18 பெப்ரவரி 2024

அண்ணை,

வீட்டு வாசலில் விற்றாயிற்று என்று பலகை தொங்குகிறது. தெருவில் போகிற வருகிறவர்கள் என்னிடம்தான் விசாரிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறேன், அது உண்மையும்தான். வாங்க வந்த பெடியனையும் பெட்டையையும் பார்த்தேன். அவளுக்கு வயிறு கொஞ்சம் தெரிகிறது. நல்ல பிள்ளைகள் மாதிரித்தான் இருக்கிறார்கள். அவர்களை வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

தைப்பொங்கலுக்குப் பியற்றிஸிடம் பொங்கல் கொடுத்துவிட்டேன். பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். சண்டைக்காரர்கூட அதற்குள் ஒரு கரண்டி சீனி போட்டு அனுப்புவார்கள். அவ்வளவு வெறுப்பா?

வேலியில் உங்கள் பக்கத்து நுனிகள் மஞ்சளித்துப் போகின்றன. தண்ணீர் காணாதோ என்னவோ. எனக்கென்ன, வேண்டாம் என்றீர்கள், நான் தொடவில்லை.

சிவனேஸ்வரி


கோலியர்ஸ் வுட்
14 ஏப்ரல் 2024

சிவனேஸ்வரிக்கு,

இன்று வருஷப்பிறப்பு. வழக்கமாகக் கைவிசேஷக் காசு வாங்க நீ என் வாசலுக்கு வருவாய். பத்துமணி வரைக்கும் வேட்டி கட்டிக்கொண்டு இருந்தேன்.

பாத்திரத்தில் ஒன்றும் போடாததற்குக் காரணம் வெறுப்பு இல்லை. வீட்டில் போட ஒன்றும் இருக்கவில்லை. சர்க்கரை வியாதி என்று சீனியைத் தாரகா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு தேசிக்காய் கிடந்தது. அது காய்ந்துபோயிருந்ததால் அதைப் போட வெட்கமாக இருந்தது. பொங்கல் நன்றாக இருந்தது. வியாதியைப் பார்க்காமல் முழுவதையும் சாப்பிட்டேன்.

ஹில்லி இப்போது மஞ்சள் தாண்டிக் கபில நிறமாகிவிட்டது. உன் பக்கத்திலும் அப்படித்தான். உன் மண்ணில் ஈரம் காணாது என்று நினைக்கிறேன், வேர் அங்கேயும்தானே ஓடும். நான் என்னால் ஏலுமான அளவுக்குக் கூட்டி வார்க்கிறேன். இவ்வளவு பார்த்தும் பிழைக்காவிட்டால் நேர்சரிக்காரரைக் கூப்பிடுவேன்.

நீ கேட்காததால் நானே சொல்கிறேன். விழுந்தபோது அடிபட்ட முழங்கால் இப்போது பரவாயில்லை.

தில்லையம்பலம்


கோலியர்ஸ் வுட்
11 ஜூன் 2024

அண்ணை,

நேற்று நேர்சரிக்காரர் வந்துபோன பிறகு ஷிப்ட்டுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உண்மையிலேயே சரியில்லை.

அவர் உங்களிடம் கதைத்துவிட்டுத்தான் என் பக்கம் வந்தார். ஒரு கன்றை இழுத்துப் பார்த்தார், கத்தரிச்செடி மாதிரிக் கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் கறுத்து, குளத்துச் சேறு மாதிரி ஒரு மணம். அவர் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் தண்ணீர் விடுவது?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. நான்தான், ஒவ்வொரு நாளும் காலையில் என்றேன். நீங்கள் வாண்டில் ஆற்றங்கரையில் நடக்கப் போன பிறகுதான் வார்ப்பேன். வாளித் தண்ணீர் மட்டுமா, அரிசி கழுவின தண்ணீரும் மீன் கழுவின தண்ணீரும் அதற்குத்தான் போனது. தொடவில்லை என்று எழுதியது முழுப் பொய்.

அவர் என்னைப் பார்த்து, "நீங்களுமா? அந்த வீட்டு ஐயா தான் ஒவ்வொரு பின்னேரமும் விடுவதாகச் சொன்னாரே" என்றார். நான் ஷிப்ட்டுக்குப் போகிற நேரத்தில் நீங்கள் ஹோஸ் பைப்பைப் போட்டுவிட்டு இருந்திருக்கிறீர்கள்.

யூ எதையும் தாங்குமாம். நிழல், பனி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் தாங்குமாம். தேங்கி நிற்கிற தண்ணீரை மட்டும் தாங்காதாம். இந்தக் களிமண்ணில், நட்ட அந்த மழைக்காலத்தில், அதற்கு ஒரு சொட்டுக்கூடத் தேவைப்பட்டிராது என்றார். நமக்கு ஒரு கன்றை நட்டால் தண்ணீர் வார்க்காமல் இருக்கத் தெரியாது. ஊரில் அந்த மண்ணில் வார்க்காவிட்டால் செத்துப்போகும். இங்கே கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, நான் குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் வார்த்திருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். ஒருவர் வார்த்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். இரண்டு பேருமாகச் சேர்ந்து சாக்காட்டிவிட்டோம். சேர்ந்து என்று எழுதக்கூட வழியில்லை, ஒருவருக்கொருவர் தெரியாமலே செய்தோம்.

எல்லாக் கன்றையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இனி வாங்குகிற ஆட்கள் தங்கள் பாட்டில் பலகை போடுவார்களாம்.

வேலி என்றும் ஹில்லி என்றும் ஐரிஷ் என்றும் இவ்வளவு எழுதினேன். எழுத வேண்டியதை ஒக்டோபரில் எழுதி அடித்தேன். இப்போது அடிக்காமல் எழுதுகிறேன். போகாதீங்கோ அண்ணை. நீங்கள் வேறு எங்கேயோ இருக்க, அந்த வீட்டில் வேறு யாரோ விளக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் ஏலாது. தாரகாவோடு நான் கதைக்கிறேன். சாப்பாடு என் பக்கத்திலிருந்து வரும், இரவில் நடுக்கதவைத் திறந்து வைப்போம். வியாழக்கிழமைதான் விற்பனைக்கு முடிவான கையெழுத்து என்று அவள் சொன்னாள். அதுவரைக்கும் நேரம் இருக்கிறது. நான் கேட்டுவிட்டேன். இனி நீங்கள் வந்து ஓம் என்று சொல்ல வேண்டியதுதான். ஷிப்ட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறேன்.

உங்கள் ஈசு


ஃபாரஸ்ட் கேட்
30 ஜூன் 2024

ஈசு,

வெள்ளிக்கிழமை வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிட்டேன். புறப்படும்போது உன் கதவைத் தட்டினேன். பியற்றிஸ் தெருவில் நின்று, நீ காலையிலேயே சயந்தன் வீட்டுக்குப் போய்விட்டாய் என்றாள். நான் போவதைப் பார்க்க உனக்குப் பிடிக்கவில்லை என்று விளங்கிக்கொண்டேன். கோபம் இல்லை.

இங்கே மூன்றாம் மாடி. அறை நல்ல அறை. தாரகா காலையில் போனால் மாலைதான் வருவாள். கவனமாகத்தான் பார்க்கிறாள், மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். ஆனால் அவள் என்னை ஏசுவதில்லை. நான் கறியில் உப்பைக் கூட்டிப் போட்டாலும் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

உன் கடிதம் எனக்கு நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்து நீ மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்று தாரகா சொன்னாள். அப்படி எழுதச் சொன்னாள். நான் அதைச் செய்யமாட்டேன். செவ்வாய்க்கிழமை மத்தியானமே கிடைத்தது. விறாந்தையில் நின்றபடியே வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். எனக்கு வேண்டியிருந்தது போகாதீங்கோ என்ற அந்த ஒரு சொல்தான். போன செப்டெம்பரில் பலகை வேலி என்று நான் எழுதியது பலகைக்காக என்று நினைத்தாயா? "உங்களுக்கு என்ன விசரா, ஏன் போறியள்" என்று நீ சத்தம் போட்டுக்கொண்டு வருவாய் என்று நினைத்தேன். நீ யூ மரத்தோடு வந்தாய். சரி, கதைக்க ஒன்றாவது அகப்பட்டதே என்று நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

கடிதம் வந்த பிறகாவது நான் வந்திருக்கலாம். ஏன் வரவில்லை என்று எனக்கு நானே சொன்ன நியாயத்தை எழுதுகிறேன், சிரிக்காதே. நாம் ஒரு கலியாணத்துக்குக்கூட ஆட்களைத் தபாலில் கூப்பிடுவதில்லை. வீடு தேடிப்போய், கதிரையில் இருந்து, வாயால் சொன்னால்தான் கூப்பிட்டதாகக் கணக்கு. அண்ணனைப் போகாதே என்று சொல்கிறவள் கதவில் கடிதம் போட்டுவிட்டுப் போவதா, வந்து சொல்லட்டும் என்று கதிரையில் இருந்தேன். நீ அங்கே, கேட்டுவிட்டேன், இனி அவர் வரட்டும் என்று இருந்தாய். புதன்கிழமை முழுவதும் அப்படியே போனது.

அன்றைக்குப் பின்னேரம் உன் குசினி யன்னலில் நீ நின்றாய். நான் என் யன்னலில் நின்றேன். கன்றுகளைப் பிடுங்கிய இடத்தில் மண் மட்டும் கிளறிக் கிடந்தது. நீ என்னைப் பார்த்தாய். நான் கையைத் தூக்கப் போனேன், நீ திரும்பிவிட்டாய். அழுதாயோ என்னவோ. நான் திரையை இழுத்து மூடினேன். காலையில் சட்டத்தரணியிடம் போனேன். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். யோசிக்க நேரம் வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

பலகை போட்டிருப்பார்கள் இதற்குள். எவ்வளவு உயரம் என்று எனக்கு எழுத வேண்டாம்.

முதலில் அந்தப் பழைய வேலி, பிறகு அந்த ஹில்லி என்று யோசித்துப் பார்க்கிறேன். செவ்வாயும் புதனும் பின்வளவில் நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றுமே இருக்கவில்லை, ஈசு. பலகை இல்லை, செடி இல்லை, ஒரு கயிறுகூட இல்லை. நீயும் வரவில்லை, நானும் வரவில்லை.

அண்ணை